புனிதரின் தேய்ந்த மூக்கு

1972 அக்டோபர் 1, ஞாயிறு

புறாக்களுக்கு இறகு உதிரும் காலம். பரண் முழுக்கச் சாம்பல் நிறம். கூட்டித் தள்ளினாலும் மிதந்து வந்து காலடியிலேயே படுக்கின்றன.

இந்த வருடப் புறாப் பந்தயங்கள் முடிந்தன. கடைசிப் பந்தயத்தில் நீலன் இரண்டாவது. முதலாவதாக வந்திருக்க வேண்டியவன். பிரான்சின் அடிக்கோடியிலிருந்து ஒரே மூச்சில் பறந்து வந்துவிட்டு, என் கூரை மேல் உட்கார்ந்துகொண்டு உள்ளே நுழைவதா வேண்டாமா என்று யோசித்தான். உள்ளே வந்து நான் காலிலிருந்து வளையத்தைக் கழற்றினால்தான் கணக்கு. கீழே நின்று பார்த்த தூசான், “வளத்தவன் மாதிரியேதான்யா இருக்கு புறாவும்” என்றான். அடுத்த வீட்டுக்காரன் என்பதால் நாற்பது வருடமாக அவன் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

கோட்டைக் கழற்றாமலே எழுதுகிறேன்.

காலையில் ஆற்றோரச் சந்தைக்குப் போனேன். மேஸ் நதியின் மேல் மூடுபனி. எதிர்க்கரையே இல்லை, மணியோசை மட்டும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. வெங்காயம் வாங்கினேன். பாலத்துக்குக் கீழே மார்ஸ்லான் கடை விரித்திருந்தான். கதவுக் குமிழ்கள், போர்ப் பதக்கங்கள், ஜோடி பிரிந்த கரண்டிகள். அவற்றுக்கு நடுவில், சிவப்பு வெல்வெட் துணியில், எங்கள் லம்பேர் காசு.

எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் புனித லம்பேர், ஆயர் தொப்பியும் தாடியுமாக. மறுபக்கம் கேடயம். சுற்றிலும் எழுத்து. ஆண்டு எண்ணில் பாதி அழிந்துபோயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புனிதருக்கு மூக்கு கிடையாது. புத்தாண்டு மதியம், புளித்த முட்டைக்கோஸ் மேசைக்கு வருவதற்கு முன்னால், அப்பா அந்தக் காசை எடுத்துப் புனிதரின் மூக்கை வலது கட்டைவிரலால் மூன்று முறை தேய்ப்பார். பிறகு தன் தட்டுக்கு அடியில் வைப்பார். எங்கள் தட்டுகளுக்கு அடியில் சாதாரணக் காசு. வருடம் முழுக்கக் கை வறண்டுபோகாமல் இருப்பதற்கு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் வெள்ளிக்காசு எங்கள் வீட்டில் மட்டும். அது மூத்தவர் தட்டுக்கு அடியில்தான் போகும். தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிறகு அம்மா. அம்மாவுக்குப் பிறகு நான்.

நானாக இருந்திருக்க வேண்டும்.

அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வாரம், தலையணைக்கு அடியிலிருந்து காசை எடுத்து என் தங்கை லியோனியின் கையில் வைத்து மூடினாள். என் கண்ணெதிரே. என்னைப் பார்த்துக்கொண்டே. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினேன். அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கையிடம் கேட்டேன், அந்தக் காசுக்காகத்தான் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றினாயா என்று. அதற்கப்புறம் அவள் வீட்டு வாசல்படியை நான் மிதிக்கவில்லை. கேட்டது தப்பென்று இன்றைக்கும் தோன்றவில்லை.

இப்போது விற்றுவிட்டாள். கதவுக் குமிழோடு குமிழாகக் கிடக்கிறது எங்கள் அப்பாவின் கட்டைவிரல்.

வெங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 9

கனவு. ஆற்றின் அடியில் நடக்கிறேன், மூச்சு முட்டவில்லை. தலைக்கு மேலே நிலா. பக்கத்தில் போனால் நிலாவுக்கு மூக்கில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்னும் விற்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்தை வாசித்துக் காட்டினேன். என் லத்தீன் இதே சந்தையில் வாங்கிய, முதல் பக்கங்கள் கிழிந்துபோன ஓர் அகராதியிலிருந்து வந்தது. ட்ராம் ஓட்டிய காலத்தில், கடைசி நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தில் படித்தேன். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, திருத்தவும் ஆள் இல்லை. ஸேதே வகாந்தே. ஆசனம் காலியாக இருக்கையில். இந்த நாட்டை ஆயர்கள் ஆண்ட காலத்தில், ஓர் ஆயர் செத்து அடுத்தவர் வரும் வரையிலான சில மாதங்களில், பேராலயத்துக் குருமார்கள் அடித்த காசு. ஆள்பவன் இல்லை, அதனால் ஆள்பவன் முகமும் இல்லை. செத்து ஆயிரம் வருடமான புனிதரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சில மாதத்துக் காசு என்பதால் அரிது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எர்ஸ்தால் பக்கம் காலி செய்த ஒரு வீட்டிலிருந்து என்றான் மார்ஸ்லான். சந்தைக்காரர்கள் எப்போதும் சொல்வதுதான். விற்றது யாரென்று சொல்லக்கூடாது என்று லியோனி சொல்லியிருப்பாள்.

அவன் கேட்ட விலைக்கு நான் என் படுக்கையை விற்க வேண்டும். அவனே சொன்னான்: “பெரியவரே, அந்த நீலச் சேவல் புறா உங்களோடதுதானே? பந்தயத்துல ரெண்டாவதா வந்தது. எனக்கும் புறாப் பைத்தியம் உண்டு. யோசிச்சுப் பாருங்க.”

அக்டோபர் 22, ஞாயிறு

நீலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். பந்தயத்துக்கென்று நினைத்து அமைதியாக இருந்தான்.

பணத்துக்கு விற்கவில்லை. மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 25

காசைச் சமையலறை மேசையில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மதியம் வெளிச்சம் சன்னல் வழியாக வந்து காசின் விளிம்பில் ஏறி, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நகர்கிறது. மூக்கு இருந்த இடத்தில் வெளிச்சம் வழுக்குகிறது. என் கட்டைவிரலை அங்கே வைத்தேன். பள்ளம் சரியாகப் பொருந்துகிறது. அப்பாவின் விரலும் என் விரலும் ஒரே அளவு என்று எனக்கு இதுவரை தெரியாது.

இரும்பாலையில் கம்பி இழுத்த கை அப்பாவுடையது. இவ்வளவு மெல்ல எதையும் தொட்டுப் பார்த்ததில்லை, அந்த மூக்கைத் தவிர.

நவம்பர் 1, எல்லாப் புனிதர் திருநாள்

கல்லறைக்குப் போனேன். எனக்கு முன்னால் லியோனியின் சாமந்திகள் வந்து உட்கார்ந்திருந்தன. மஞ்சள். அம்மாவுக்கு வெள்ளைதான் பிடிக்கும். என் வெள்ளையை முன்னால் வைத்து மஞ்சளைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினேன்.

லியோனி தூரத்தில், தண்ணீர்க் குழாய் பக்கம், குடையோடு. கிழவியாகிவிட்டாள். திரும்பிப் பார்த்தாள், வரவில்லை. மகளை அனுப்பினாள். கோலெத் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முகம் என் அம்மா முகம், அதனால் அவளோடு சண்டை போட முடிவதில்லை.

“மாமா, ஜனவரி ஒண்ணாம் தேதி சாப்பிட வர்றீங்களா? அம்மா கேக்கச் சொல்லிச்சு.”

வருடா வருடம் கேட்பதுதான். வருடா வருடம் நான் பதில் சொல்வதில்லை. இன்று கேட்டேன்: “உங்கம்மா இப்பல்லாம் தட்டுக்கு அடியில என்னத்த வைக்கிறா?”

அவள் சிரித்தாள். “வந்துதான் பாருங்களேன்.”

அந்தச் சிரிப்பு. தெரிந்தே சிரிக்கிறாள். இருவரும் சேர்ந்தே விற்றிருக்கிறார்கள்.

போகத்தான் போகிறேன். சட்டைப்பையில் காசோடு போவேன். லியோனியை அவள் மேசையிலேயே தட்டைத் தூக்கச் சொல்வேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

காலையில் பரணில் ஏறினால் கூரை மேல் நீலன். நனைந்து, இறகு பாதி முளைத்த நிலையில், அதே இடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறான். பந்தயப் புறாவை வாங்கியவன் அடைத்துத்தான் வைக்க வேண்டும். மார்ஸ்லான் கூண்டைத் திறந்துவிட்டிருக்கிறான்.

தூசான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தட்டினான்.

“பாத்தியா செர்வே? வித்தாலும் வீடு தெரியுது அதுக்கு. உன் தங்கச்சி வீடு பாலத்தைத் தாண்டினா வந்துரும். உனக்குத்தான் வழி தெரியல.”

நான் விற்கவில்லை, மாற்றிக்கொண்டேன் என்று சொன்னேன்.

நவம்பர் 13

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பேச்சு மாறுகிறவன் இல்லை நான். கூடைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

டிசம்பர் 17, ஞாயிறு

மறக்குமுன் எழுதுகிறேன். கனவில் பேராலயம் திரும்ப வந்துவிட்டது. ஆயர் ஆட்சி போனபோது ஊர்க்காரர்களே கல் கல்லாகப் பிரித்தெடுத்தது. அந்த இடத்தில் நான் எத்தனை வருடம் ட்ராம் திருப்பியிருக்கிறேன். கனவிலும் ட்ராமைத்தான் ஓட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். தூண்களுக்கு நடுவே தண்டவாளம். மூடுபனி உள்ளேயும் இருக்கிறது. ஊர் முழுக்க வரிசையில் நிற்கிறது, ஒவ்வொருவர் கையிலும் வெறும் தட்டு. வரிசையின் முடிவில் ஆயரின் ஆசனம், காலியாக. யாரும் உட்காரவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் மூத்தவன்தானே என்று போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அது லியோனி சமையலறையின் நாற்காலி. ஒரு கால் குட்டை. ஆடுகிறது.

விழித்தபோது கட்டில் ஆடுவது போலவே இருந்தது.

டிசம்பர் 31, ஞாயிறு

என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். நீளமாக வேண்டாம். “தட்டைத் தூக்கு, லியோனி.” அவ்வளவே. தூக்குவாள். ஏதோ ஒரு ஃபிராங்க் கிடக்கும். அப்போது நான் சட்டைப்பையிலிருந்து இதை எடுத்து வைப்பேன். வைத்துவிட்டு எழுந்து வருவேன். சாப்பிட மாட்டேன்.

கறுப்புக் கோட்டைத் துலக்கினேன். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்டது.

1973 ஜனவரி 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எனக்குச் சாதகமாக எழுதக் கூடாது.

மதியம் பாலத்தைத் தாண்டினேன். இரண்டு கரையும் பனியில் மறைந்து, பாலம் மட்டும் ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததற்குப் போய்க்கொண்டிருந்தது. வருவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. கதவைக் கோலெத் திறந்தாள். “அம்மா” என்று மட்டும் உள்ளே பார்த்துச் சொன்னாள். முட்டைக்கோஸின் புளிப்பு வாசனையும் புகையில் வாட்டிய பன்றிக்கறியின் வாசனையும் வாசல்வரை வந்தது.

மேசையில் மூன்று தட்டு.

இருப்பது இரண்டு பேர். யாராவது விருந்தாளி வருவதாக இருக்கும், எனக்கு முன்னால் அவனுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டேன். சன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். ஆடியது.

லியோனி பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போது சொன்னேன், யோசித்து வைத்திருந்தபடியே: “தட்டைத் தூக்கு, லியோனி.”

தூக்கினாள். ஒரு ஃபிராங்க்.

“எங்க அது? வித்துட்டியா?” என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். வைத்த சத்தம் கூட நான் நினைத்த மாதிரியே இருந்தது.

லியோனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். காசை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் அவள் முகத்தில் வெட்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக, யாரோ வீட்டுக் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இது நம்மளது இல்லண்ணே. இது யாரு வீட்டுது?”

பொய் சொல்லாதே என்றேன். மூக்கைப் பார் என்றேன். அப்பா விரல் என்றேன்.

கோலெத்தான் சொன்னாள், “மாமா, உங்க தட்டத் தூக்குங்க.”

தூக்கினேன்.

என் தட்டுக்கு அடியில் லம்பேர் காசு. மூக்கில்லாமல். அகராதி இல்லாமலே தெரிந்தது. தொப்பியின் ஓரத்தில் சின்ன வெட்டு. சின்ன வயதில் நான் கடித்துப் பார்த்ததென்று அம்மா சொல்வாள். நான் வாங்கி வந்ததில் அது இல்லை. இத்தனை நாள் பார்த்தும் நான் தேடவே இல்லை. மூக்கைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

லியோனி பரிமாறிக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதன் சுருக்கம் இது. அன்றைக்கு அம்மா அவள் கையில் கொடுத்தது வைத்துக்கொள்ள அல்ல, பிடித்துவைக்க. மூத்தவனுக்குத்தான் அது. ஆனால் அவன் வாய் திறந்து கேட்க வேண்டும், கேட்காமல் கொடுக்காதே என்று அம்மா சொன்னாளாம், நான் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு.

“நீ எங்க கேப்ப? பிடிவாதத்துல அம்மா உனக்கு மேல. கேக்க வேணாம், வந்து உக்காந்தாப் போதும்னு நானா மாத்திக்கிட்டேன். வருஷா வருஷம் உனக்குத் தட்டு வெப்பேன், அதுக்கடியில காச வெப்பேன். சாப்பாடு முடிஞ்சா எடுத்துக் கழுவி வெப்பேன்.”

“சாப்பிடாத தட்ட எதுக்குக் கழுவணும்?” என்று கேட்டேன். எத்தனையோ கேட்டிருக்கலாம். இதைத்தான் கேட்டேன்.

“தூசி படியும்ல” என்றாள்.

முட்டைக்கோஸில் உப்பு தூக்கல் என்று சொன்னேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது காசை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தட்டுக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்றேன். மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். பனி விலகியிருந்தது.

ஜனவரி 3

அப்படியானால் இது யாருடைய கட்டைவிரல்?

நான் எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் இன்னொரு மேசையில் இன்னொரு ஆள், அதே புனிதரின் அதே மூக்கை, அதே நாளில் தேய்த்திருக்கிறான். அவனைப் பார்த்து அவன் மகன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். என் விரல் பொருந்தியதே அந்தப் பள்ளத்தில்.

ஜனவரி 7, ஞாயிறு

மார்ஸ்லானிடம் போனேன். நீலனைத் திருப்பிக் கேட்க வந்ததாக நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காசு எந்த வீட்டிலிருந்து வந்தது, சரியாகச் சொல் என்றேன். முதலிலேயே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். எர்ஸ்தாலில் ஒரு கிழவர், பிள்ளைகள் இல்லை, சொந்தமென்று வந்து நிற்க ஒருவரும் இல்லை. வீட்டுக்காரன் ஆளை விட்டுக் காலி செய்தான். “சமையலறை அலமாரியில, தட்டு அடுக்குக்கு அடியில கிடந்தது” என்றான்.

தட்டு அடுக்குக்கு அடியில். எல்லாத் தட்டுக்கும் அடியில், ஒரே காசு.

பெயர் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

நீலன் மறுபடி கூரை மேல். இந்த முறை யோசிக்கவில்லை, நேரே உள்ளே வந்து தன் பழைய பெட்டியில் உட்கார்ந்துகொண்டான். மார்ஸ்லானுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் கூடையோடு வந்து, பரணில் ஏறிப் பார்த்துவிட்டு, வெறுங்கூடையோடு இறங்கினான். “வச்சுக்குங்க பெரியவரே. இதுக்குத் தீனி போட்டு நான் பகையாளி ஆனதுதான் மிச்சம். குஞ்சு பொரிச்சா ரெண்டு குடுங்க.”

சம்மதித்தேன்.

டிசம்பர் 30, ஞாயிறு

லியோனி போன புத்தாண்டுக்கு முட்டைக்கோஸைச் சரியாக அலசவில்லை. உப்பில் ஊறவைத்துப் புளிக்க வைப்பது, அலசாமல் உப்பு போகாது. நாளை மறுநாள் காலையிலேயே போய் நானே அலசப்போகிறேன். நாற்காலிக் காலுக்கு ஒரு மரத்துண்டும் சீவி வைத்திருக்கிறேன்.

1974 ஜனவரி 1, செவ்வாய்

நான்காவது தட்டு வேண்டும் என்றேன். சண்டை. மேசை சின்னது என்றாள் லியோனி. நான் முழங்கையை மடக்கிக்கொள்கிறேன் என்றேன். அது பேர் தெரியாதவன் காசு என்றாள். அதனால்தான் என்றேன். கோலெத் போய்த் தட்டை எடுத்து வந்தாள்.

எர்ஸ்தால் காசை மூன்று முறை தேய்த்து அதன் அடியில் வைத்தேன். பிறகு எங்களுடையதைத் தேய்த்து என் தட்டுக்கு அடியில்.

“யாராச்சும் வந்து, இது யாருக்குன்னு கேட்டா என்னண்ணே சொல்றது?”

“உக்காரச் சொல்லு.”

உப்பு சரியாக இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு லியோனி எழுந்திருக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. நான்கு தட்டையும் நானே கழுவினேன்.